சிவப்பு மையில் பெரிய வெள்ளி

விருதுநகர்
20.2.1961

அன்பு மகள் ஜெயசீலிக்கு அப்பா ஞானமுத்து எழுதிக்கொண்டது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம். உன் சுகத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறோம்.

உன் கடிதம் வந்தது. இரண்டு எழுத்துப் பிழைகள். சிவகாசி அச்சகத்தில் இருபது வருடம் பிழை பார்த்தவன் மகள் இப்படி எழுதலாமா?

ஒரு அவசரச் செய்தி. எங்கள் அச்சகத்து நாட்காட்டியை நீ நர்ஸாக இருக்கும் மலாயா எஸ்டேட் ஆஸ்பத்திரி வார்டில் மாட்டியிருப்பதாகவும், பெரிய வெள்ளிக்கு ஈப்போ ஆலயத்துக்குப் போக ஏப்ரல் 14-ந் தேதி லீவு கேட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். பெரிய வெள்ளி மார்ச் 31. உடனே லீவை மாற்றிக்கொள். ஈப்போ கடைக்காரருக்காக அச்சிட்ட அந்த நாட்காட்டியில் தேதி தப்பாக விழுந்துவிட்டது. எழுத்துக் கோர்க்கும் பலவேசத்தின் கவனக்குறைவு. கடைக்காரர் கோபித்துக்கொண்டு அடுத்த வருட ஆர்டரை நிறுத்திவிட்டார். முதலாளி பலவேசத்தை வேலையை விட்டு நீக்கிவிட்டார். பாவம், என்ன செய்வது.

லெந்து நோன்பு நாட்கள் தொடங்கிவிட்டன. உன் அம்மா காப்பியை விட்டிருக்கிறாள். காலை நேரத்தில் அவள் எதிரே போக எனக்குப் பயமாக இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புள்ள அப்பா,
ஞானமுத்து


விருதுநகர்
31.3.1961, பெரிய வெள்ளி

அன்பு மகள் ஜெயசீலிக்கு,

ஆராதனை முடிந்து வந்து உட்கார்ந்திருக்கிறேன். நீயும் இன்று ஈப்போ ஆலயத்தில் இருந்திருப்பாய். போன கடிதத்தில் பலவேசத்தைப் பற்றி நான் எழுதியது பொய். தப்பு என்னுடையது.

அந்த நாட்காட்டியில் எல்லாச் சமயத்தாரின் பண்டிகைகளும் உண்டு. ஹோலிக்கு மதுரையில் ஒரு மார்வாடிக் கடையில் விசாரித்தேன். சீனர்கள் முன்னோர் கல்லறையைச் சுத்தம் செய்து படைக்கும் நாளையும், புத்த சமயத்தாரின் வைசாகப் பௌர்ணமியையும் ஈப்போவுக்கு எழுதிக் கேட்டேன். சீக்கியருடைய வைசாகிக்குப் பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவரைத் தேடிப் போனேன். பங்குனி உத்திரத்துக்கு இரண்டு பஞ்சாங்கம் பார்த்தேன். நம்முடைய பெரிய வெள்ளிக்கு மட்டும் ஒருவரையும் கேட்கவில்லை. போன வருடம் ஏப்ரல் நடுவில் வந்தது மனதில் இருந்தது. கடைக்காரர் எழுதி அனுப்பிய பிரதியில் இருந்தபடி பலவேசம் மார்ச் 31 என்று சரியாகத்தான் கோர்த்திருந்தான். நான் அதைச் சிவப்பு மையில் அடித்து, ஏப்ரல் 14 என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

“அய்யா, பிரதியில வேற தேதில்லா இருக்கு” என்று அவன் வந்து கேட்டான். எங்கள் பண்டிகை எனக்குத் தெரியாதா என்று அவனை விரட்டினேன்.

ஜனவரியில் ஈப்போவிலிருந்து புகார் வந்தபோது, அய்யாதான் திருத்தினார் என்று பலவேசம் முதலாளியிடம் சொன்னான். முதலாளி சிரித்துவிட்டார். “வேதக்காரவுக பெரிய வெள்ளியைத் தப்பாப் பார்ப்பாகளா, லே?” என்று கேட்டார். நான் திருத்திய புரூப் தாளைக் காட்டச் சொன்னார். பழைய புரூப் தாள்களின் கட்டுக்குள் அது இல்லை. புகார் வந்தது தெரிந்ததுமே நான் அதை எடுத்துவிட்டேன். எனக்கு நினைவில்லை என்று சொன்னேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது அவன் வெடி ஆலையில் மருந்து அடைக்கிறான். வெயில் ஏற ஏற ஆபத்தான வேலை. மூன்று பிள்ளைகள்.

போன திங்கட்கிழமை மாரியம்மன் பங்குனிப் பொங்கலில் அக்கினிச்சட்டி. நம் தெரு வழியாகத்தான் வருவார்கள். உன் அம்மா வழக்கம்போல் வாசலில் அவர்கள் கால் சுடாமலிருக்கக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பலவேசத்தின் மனைவி பத்திரகாளி மஞ்சள் சேலையோடு, கையில் கங்கு நிறைந்த சட்டியோடு வந்தவள் என்னைக் கண்டதும் நின்றுவிட்டாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “அய்யா, உங்களுக்கு ஞாபகம் வரணும்னுதான் ஆத்தாளுக்குச் சட்டி எடுக்கேன். அய்யா மறந்துட்டாக, பொய் சொல்ற ஆளில்லைன்னு எங்க வீட்டுக்காரவுக இன்னும் சொல்லிக்கிட்டு இருக்காக” என்று சொல்லிவிட்டு நடந்தாள். வெட்கத்தில் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

புதன்கிழமை முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. “அடுத்தவன் பாவத்தைச் சுமக்கணும்னு உங்க வேதத்துல இருக்கு, எனக்குத் தெரியும். நோன்பு நாளுன்னு அவனுக்காக இம்புட்டு இறங்கி வாரீகளே! போயி வேலையைப் பாருங்க” என்றார். அதோடு விடாமல் நாலு பேரிடம் என்னைப் புகழ்ந்தும் இருக்கிறார். இன்று ஆலயத்தில் ஒருவர் என் கையைப் பிடித்து, உம்மைப்போல் யார் இருப்பார் என்றார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

மகளே, அந்தப் புரூப் தாள் உன்னிடம்தான் இருக்க வேண்டும். அதை எரிக்கப் போனபோது அடுப்படியில் உன் அம்மா இருந்தாள். மலாயாவுக்குக் கப்பலேறிய நம் ஊர்ப் பொன்ராஜிடம் உனக்குக் கொடுத்துவிட்ட கருப்பட்டி டப்பாவில், அடியில் மடித்து வைத்துவிட்டேன். கடலைத் தாண்டினால் தொலைந்தது என்று நினைத்தேன்.

டப்பாவைப் பார். தாள் இருந்தால் மறு தபாலிலேயே முதலாளி சீனிவாசகம் பெயருக்கு அனுப்பு. என் பெயருக்கு அனுப்பாதே. என் கைக்கு வந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே நிச்சயமில்லை.

தாளை எறிந்துவிட்டாய் என்றால் இந்தக் கடிதத்தையே அனுப்பிவிடு. எந்தத் தகப்பனும் தான் செய்யாத குற்றத்தைப் பெற்ற மகளிடம் சொல்லிக்கொள்ள மாட்டான் என்று அவருக்குத் தெரியும். அவருக்கும் மகள்கள் இருக்கிறார்கள்.

நாளை மறுநாள் உயிர்த்தெழுந்த பண்டிகை. கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பாராக. எனக்காக ஜெபி. பலவேசத்தின் கைகளுக்காக அதற்கு முன்னால் ஜெபி.

உன் அப்பா,
ஞானமுத்து