சீரகம் ஏற மறுத்த ஏற்றம்

மாப்ளே,

நேற்று உன் சம்சாரம் ராணி உன் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். நீ கடைசியாக ஓட்டிய வேனின் முன்பெட்டியில் கிடந்ததாம். விரித்ததும் டீசல் வாசனை, அதற்கடியில் லேசாக ஏலக்காய் வாசனை. "ஒங்க ஆட்டத்து நோட்டுண்ணே. நீங்கதான் வச்சிருக்கணும்" என்றாள்.

அவள் போனதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? 'ஏறிப்போகும் விலங்குகள்' என்று நீ தலைப்பிட்டிருந்த பக்கங்களைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எங்கேயாவது எண்களை அழித்து எழுதியிருக்கிறாயா என்று தேடினேன். செத்துப்போன சிநேகிதனின் கையெழுத்தைப் பார்த்தால் யாருக்கும் கண் கலங்கும். நான் சோதனை போட்டேன்.

என் சோலி அப்படி. கடைக்கு வரும் ஏலக்காய் நல்ல பச்சையாக இருந்தால் மற்றவர்களுக்குச் சந்தோஷம், எனக்குச் சந்தேகம். ஈரத்துணியில் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் மூட்டைக்குள் கையே விடுவேன். அந்தப் புத்தி கடையோடு நிற்பதில்லை.

சிவகாசியில் அச்சகத்தில் இருந்தபோது, தாள் மாறி ஒட்டிவிட்டதென்று கழித்துப்போட்ட ஆட்டப் புத்தகம் ஒன்றை நீ ஊருக்கு எடுத்து வந்தாய். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆட்களாகி, இன்னது செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். அப்போது நீ எஸ்டேட் ஆட்களை மலைக்கு ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் உன் வீட்டு மாடியில் நீ, நான், ராணி மூன்று பேரும் உட்கார்ந்துவிடுவோம். நடத்துவது எப்போதும் நீதான்.

அந்தப் புத்தகத்தில், ஏறிப்போகக் குதிரைக்கு மட்டும்தான் விதி இருந்தது. எனக்கோ மலை அணில் வேண்டும், குதிரை உயரத்துக்கு. சீரகம் என்று பேரும் வைத்துவிட்டேன்.

"அணிலு எம்புட்டுச் சுமக்கும்?" என்று கேட்டேன்.

"நீ திங்கிறதப் பொறுத்து" என்றாய்.

சிரித்துவிட்டு விடவில்லை நீ. குரங்கணிக்குப் போய், மலைக்கு மூட்டை சுமக்கும் குதிரைகளை ஓட்டுகிறவரிடம் ஒரு நாள் முழுக்கப் பேசிவிட்டு வந்து, நோட்டில் விதி எழுதினாய். ஏறும்போது முன்னால் சாய வேண்டும், இறங்கும்போது பின்னால். பயந்த விலங்கை அடித்தால் அதற்கு ஏறியவன் மேல் இருக்கும் நம்பிக்கையில் ஒரு புள்ளி போகும். செங்குத்தான ஏற்றம் என்றால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் ஏறும், குறைந்தால் நின்றுவிடும். அதை மட்டும் நீயே ஓர் அட்டைக்குப் பின்னால் உருட்டுவாய். "வெலங்கு மனசு ஏறுறவனுக்குத் தெரியக்கூடாதுல்ல" என்பாய்.

கதையில் நாங்கள் ஒரு கணவாயைத் தாண்டி, அந்தப் பக்கத்து ஊருக்கு மருந்து கொண்டுபோக வேண்டும். சீரகத்தின் முதுகில் முன்னால் நான், பின்னால் வைத்தியச்சியாக ராணி. முதல் ஞாயிறு சீரகம் ஏறவில்லை. இரண்டாவது ஞாயிறும் ஏறவில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து நீ சொல்லும் எண்களை நான் எழுதிவைக்க ஆரம்பித்தேன். ராணி என் பின்னால் உட்கார்ந்து வருவது உனக்குப் பிடிக்கவில்லையோ என்றுகூட நினைத்தேன். என்னை அண்ணன் என்று கூப்பிடுகிறவள். என் புத்தி அதுவரைக்கும் போனது.

ஐந்தாவது ஞாயிறு அட்டைக்குப் பின்னால் பகடை உருண்டு நின்றது.

"ஆறு" என்றாய். "சீரகம் நின்னுருச்சு."

நான் அட்டையைப் பிடுங்கினேன். பகடையில் பதினேழு.

"என்னங்க இது?" என்றாள் ராணி.

"சரியாப் பாக்கல" என்றாய், என் முகத்தைப் பார்க்காமல்.

"அஞ்சு வாரமாவா பாக்கல? ஆட்டத்துலயே ஏமாத்துறவன் வேற எதுலதான் ஏமாத்த மாட்டான்?" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

மூன்று ஞாயிறு நான் வரவில்லை. பிறகு ஒரு மத்தியானம் நீயே கடைக்கு வந்தாய். சாக்குகளுக்குப் பின்னால் என்னைக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னாய்.

"சீரகம் மொத ஏத்தத்துல நின்னுச்சுல்ல, அதுக்கு முந்தின வாரம். மலைமேல மெட்டுலருந்து எஸ்டேட் ஆளுகளக் கூட்டியாரக் காலி ஜீப்ப ஏத்திட்டுப் போனேன் மாப்ளே. வளைவுல பிரேக்கு பிடிக்கல. அப்படியே பின்னால உருண்டு, தடுப்புச் சுவத்துல முட்டி நின்னுச்சு. காலையில பதினாலு பேர ஏத்திட்டுப் போன அதே ஜீப்பு. பிரேக்க சரி பண்ணிட்டேன். என் காலுதான் இன்னும் சரியாகல, ஏத்தம் வந்தா நடுங்குது. பகடைய உருட்டுறப்ப நீயும் அவளும் பின்னால சரிஞ்சு வர்ற மாதிரியே இருக்கு. யாருகிட்டயும் சொல்லிராத. ராணிக்கே தெரியாது."

நான் தலையை ஆட்டினேன். மனதுக்குள், மாட்டிக்கொண்டவன் நல்ல கதையாகச் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் ஜீப் ஸ்டாண்டுக்குப் போனேன். மலைக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியோடு நின்றிருந்தார்கள். அவர்களில் ஓர் அக்காவிடம் மெல்லக் கேட்டேன்: "அந்தா நிக்கிற ஜீப்பு வளைவுல பின்னால உருண்டுச்சாமே, நெசமாக்கா?"

"ஆத்தாடி! எப்ப?" என்றாள்.

அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. நான் உன் ஜீப்பின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். தகடு நசுங்கி, நசுங்கிய இடத்தில் தடுப்புச் சுவரின் வெள்ளைச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. நீ சொன்னதில் பொய்யே இல்லை. ஆனால் திரும்பிப் பார்த்தபோது அந்த அக்கா இன்னும் நாலு பேரோடு பேசிக்கொண்டிருந்தாள். மறுநாள் உன் ஜீப்பில் ஒருத்திகூட ஏறவில்லை. அந்த வாரமே ஜீப்பின் சொந்தக்காரர் உன்னிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்.

பிறகு நீ தேவாரம் பக்கம் காய்கறி லோடு வேன் ஓட்டப் போனாய். சமதளம்தான், வளைவே இல்லை. ஒரு ஞாயிறு ஆள் அனுப்பி என்னை வரச் சொன்னாய். அன்று அட்டை இல்லை. பகடையை என் கையில் கொடுத்து, "நீயே உருட்டு" என்றாய். நாலு விழுந்தது. சீரகம் யோக்கியமாகவே நின்றுவிட்டது. ராணி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எறங்கி நடங்க. அதுவாப் பின்னாடி வரும்" என்றாய்.

நடந்தே கணவாயைத் தாண்டினோம். மருந்து போய்ச் சேர்ந்தது. அதுதான் நாம் ஆடிய கடைசி ஆட்டம். ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தாய். நாலாம் நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். திரும்பி வரவில்லை.

நோட்டில் எண்கள் எதையும் நீ திருத்தவில்லை மாப்ளே. நாலாவது விதிக்கும் ஐந்தாவது விதிக்கும் நடுவில் மட்டும் நெருக்கி ஒரு வரி: 'ஏறியவனுக்குச் சந்தேகம் வந்தால் இறங்கி நடக்கலாம். நம்பிக்கைப் புள்ளி குறையாது.' சண்டைக்கு முன்னால் எழுதினாயா, பின்னால் எழுதினாயா என்று மையை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

உயிரோடு இருக்கும்போது சொல்லாததை இப்போது சொல்கிறேன். ஸ்டாண்டில் கேட்டவன் நான்தான். கேட்டதும் நல்லதுக்குத்தான், பதினாலு குடும்பம் தப்பித்தது என்று எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்தேன். அந்தப் பெண்களுக்காகக் கேட்டிருந்தால் அந்த ஆறுதல் எனக்குச் செல்லும். நான் உன் பொய்யைப் பிடிக்கப் போனவன்.

வேனுக்குப் போன புதிதில் ஒருநாள் பஸ் ஸ்டாண்டு கடையில் டீ குடித்தோம். "எவனோ சொல்லிருக்கான் மாப்ளே" என்றாய். என் கை கிளாசிலேயே ஒட்டிக்கொண்டது. "அவன் மேல கோவமா?" என்று கேட்டேன்.

"மொதல்ல இருந்துச்சு" என்றாய். சொல்லிவிட்டு, உன் கிளாசிலிருந்து பாதி டீயை என் கிளாசில் ஊற்றினாய்.

தெரிந்துதான் ஊற்றினாயா? எதையும் தேய்த்துப் பார்க்காமல் விட்டதில்லை நான். இதை மட்டும் அப்படியே வைத்திருக்கிறேன்.