எலிகளிடம் மட்டும் வேலை செய்த மருந்து

என் பிரியமான அண்ணனுக்கு,

உன் வருடத் திதிக்கு மணமேல்குடி வந்திருக்கிறேன். மதினி தையல் கடையை மறுபடி திறந்துவிட்டார். உன் பைக்கை மட்டும் யாருக்கும் தரமாட்டேன் என்கிறார்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். வெட்கமாக இருக்கிறது. வேறு யாரிடம் சொல்வேன்?

நீ புற்றுநோயில் படுக்கையில் கிடந்தபோது என் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டாய். புற்றணு இருந்த இடத்திலேயே இருக்காது, இரத்தத்தில் ஏறி வேறு உறுப்பில் போய்க் குடியேறும். மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உருண்டைக்குள் வைத்து, மற்ற இடங்களைக் கெடுக்காமல் அந்தக் கட்டிக்கே அனுப்பப் பார்க்கிறோம் என்றேன். "எலிக்குத்தானே குடுக்குறீங்க? அப்ப நீ எலி டாக்டரு" என்று சிரித்தாய். சிரித்ததில் இருமல் வந்து, மதினி என்னைத் திட்டினார்.

அந்த மருந்து இந்த வருடம் எலிகளிடம் வேலை செய்தது அண்ணே. பரவுவது நிற்கவில்லை, குறைந்தது. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கவே இன்னும் வருடக்கணக்கில் ஆகும். மருந்து அந்தக் கட்டத்தை எட்டுமா என்பதும் தெரியாது. சித்தப்பா மகன் முருகேசனிடம் போனில் பாதிதான் சொன்னேன். மீதியை அவனே பேனரில் அடித்துவிட்டான்.

பஸ் ஸ்டாப் பேனரில் ஆளுயரத்துக்கு நின்றேன். 'புற்றுநோய்க்கு மருந்து கண்ட எங்கள் ஊர் மகளே, வருக.' மூலையில் உன் படம். பார்த்ததும் கழற்றச் சொல்லியிருக்க வேண்டாமா? பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். மனதுக்கு நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அசிங்கம்.

நேற்று காலை கட்டுமாவடியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வீடு தேடி வந்தார்கள். அந்த அக்காவுக்கு மார்பில் கட்டி. முடி கொட்டிய தலையில் முக்காடு போட்டிருந்தார்.

"ஊசி போட்டா வாந்தி வாந்தியா எடுக்குதும்மா. ஒங்க மருந்து இருக்குன்னு பேனர்ல பாத்தோம். அதான் போன வாரத்து ஊசிக்குப் போகல, நிறுத்திட்டோம்" என்றார் கணவர்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்னும் கொஞ்ச நாள் ஆகும்ங்க." அவ்வளவுதான்.

"பரவாயில்லம்மா, காத்திருக்கோம்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அந்த அக்கா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. உன்னை ஊசிக்குக் கிளப்ப மதினி எவ்வளவு மல்லுக்கட்டினார்! அதைப் பார்த்த எனக்கு ஏன் வாய் வரவில்லை?

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். பஸ் ஏறப்போனவர்களை நிறுத்தி, நின்றவர்கள் எல்லாரும் கேட்கும்படி சொன்னேன். "எங்கிட்ட மருந்து இல்லீங்க. எலிக்குத்தான் குடுத்துப் பாத்துருக்கோம். ஊசிய நிறுத்தாதீங்க, வேற எடத்துக்குப் பரவிரும்."

கணவர் பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. அந்த அக்காதான் கேட்டார்: "அப்ப ஏம்மா அங்கிட்டு சிரிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

இதற்குப் பதில் உனக்குத் தெரிந்தால் சொல் அண்ணே.

பேனரை அப்போதே இறக்கச் சொன்னேன். முருகேசன் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாலையில், பஸ் ஸ்டாப்பில் வாங்கி வைத்த நம்பரில் அந்த அக்காவுக்குப் போன் செய்து, ஊசிக்குப் போவீர்களா என்று கேட்டேன்.

"நீங்க கூட வந்தா போறேன். வாந்தி எடுக்கையில தலையப் புடிச்சுக்க ஆளு வேணும். அது ஒங்களால முடியும்ல?"

முடியும் அண்ணே. லீவை நீட்டிவிட்டேன். திங்கட்கிழமை போகிறேன், அதற்குப் பிறகு அந்த அக்காவுக்கு எத்தனை ஊசியோ அத்தனைக்கும் வந்து போவேன். உன்மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
பரமேஸ்வரி