பழைய உறைக்குள் புது இசைத்தட்டு

தம்பி,

அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவரப் போகிறேன். நான்கு மணிக்குள் வந்துவிடுவோம். சாதத்தைக் குழைய வைத்திரு.

அவருடைய ராக் இசைத்தட்டின் ஒலியைத் துல்லியமாக்கி ரீமாஸ்டர் செய்த புதுப் பதிப்பு கூரியரில் வந்துவிட்டது. பழைய உறைக்குள் போட்டிருக்கிறேன். வெயிலில் நெளிந்துபோன பழையது என் பையில் இருக்கிறது.

வந்ததும் “அதப் போடுடா” என்பார். முதல் பக்கம் மட்டும் போடு. இரண்டாம் பக்கத்தில் அந்த இருபது நிமிடப் பாட்டின் நடுவே ஊசி குதிக்கும், அவர் எழுந்துபோய் பிளேயரை ஒரு தட்டு தட்டுவார், தெரியும்தானே. புதியது குதிக்காது. கண்டுபிடித்துவிடுவார்.

போன வாரம் பழையது நெளிந்துபோனதற்காக உன்னைத் திட்டியதிலிருந்து நீ என்னோடு பேசவில்லை.

அக்கா

பி.கு.: தூசி துடைத்துவிட்டு பழையதை ஜன்னலில் வைத்து மறந்தது நீ இல்லை, நான்தான். வழியிலேயே அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன். நீ இரண்டாம் பக்கத்தையே போடு.