அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைகள்

பிரெஸ்த், பிரான்ஸ், நவம்பர் 9

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

தங்கை கிளோதின் வணங்கி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கோரிமேட்டு டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இங்கே பிரெஞ்சு, நார்வே, இந்திய விஞ்ஞானிகள் சேர்ந்து பழைய கடல்மட்ட அளவுகளைத் திரட்டுகிறார்கள். புதுச்சேரிக் கடல்பாலத்தில் அப்பா தினமும் அளந்து எழுதிய பதிவேடுகளை நான்தான் படித்துச் சொல்கிறேன். அவர் போன பிறகு இத்தனை பேர் என் வார்த்தைக்குக் காத்திருந்ததில்லை.

ஒரு சின்னச் செய்தி, கலங்காதீர்கள். ஞாயிறு காலை எட்டு மணிக்கு எழுதிய அளவு, வாராவாரம் முந்தின நாள் சனிக்கிழமை அளவாகவே இருந்தது. கடல் அப்படி நிற்காது. கருவிக் கோளாறு என்று நார்வேக்காரர் முடிவுகட்டப் பார்த்தார். எனக்குக் காரணம் தெரியும். அந்த நேரத்தில் அப்பா நம் இருவருக்கும் நடுவில் மாதா கோவில் பூசையில் இருந்தார்.

இரண்டு நாள் நான் வாய் திறக்கவில்லை. குழுவில் இருக்கும் நம் லாஸ்பேட்டைப் பிள்ளை இளஞ்செழியன்தான், "கருவி கோளாறுன்னு முடிவாச்சுன்னா மொத்தப் பதிவேட்டையும் தள்ளிடுவாங்கம்மா" என்றார். சொல்லிவிட்டேன். ஞாயிறுகளை மட்டும் நீக்கினார்கள்.

"உங்கப்பா ரொம்ப ஒழுங்கானவரும்மா, ஆறு நாளைக்கு" என்று இளஞ்செழியன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

உங்கள் மகள் அனைஸ் இங்கே வரும்போது தாளிக்க வடவம் கொடுத்தனுப்புங்கள், நன்றாகக் காய்ந்ததாக. இந்த ஊர்க் கோவிலில் என் இரு பக்கமும் இடம் காலியாகவே இருக்கிறது.

அப்பாவின் ஆன்மாவுக்கு ஒரு பூசை கொடுங்கள். ஞாயிறு எட்டு மணிப் பூசையாகவே இருக்கட்டும்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

கிளோதின்