நான் பாதியாக்கிய குளோரீன்

பேசாலை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் பெற்றிசியாவுக்கு,

மாதாவின் துணையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நோர்வேக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு செபமாலையிலும் கேட்கிறோம். வாடைக் காற்று தொடங்கிவிட்டதால் அப்பா கடலுக்குப் போகாமல் வீட்டில் இருந்து என் சமையலில் குற்றம் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவர் காதில் விழ, போனில் சொல்ல வெட்கமாக இருந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

என் இரசாயன ரியூசன் வகுப்பில் மதுஷிகா என்று ஒரு பிள்ளை, உயிலங்குளத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள், அதிகம் வாய் திறக்கமாட்டாள். போன மாதம், உப்புப் பளிங்குகளின் சாலகச் சக்தியைக் கணக்கிடும் போண்-ஏபர் சக்கரம் படிப்பித்தேன். சாப்பாட்டு உப்புக்கு ஒரு குளோரீன் அணுதான் வேண்டும், ஆகவே குளோரீன் மூலக்கூற்றின் பிணைப்பை உடைக்கும் சக்தியில் பாதியைப் போட்டால் போதும், அது உனக்கும் தெரியும். இத்தனை வருடமும் உப்பையே உதாரணம் காட்டி என் கை அந்தப் பாதிக்குப் பழகிவிட்டது. ஆனால் அன்று கொடுத்த கணக்கு கல்சியம் குளோரைட்டு. அதற்குக் குளோரீன் அணு இரண்டு, சக்தியை முழுதாகப் போட வேண்டும். மதுஷிகா பலகையில் முழுதாகத்தான் போட்டாள். நானோ கொஞ்சமும் யோசிக்காமல், பாதியாக்க மறந்துபோனியா, இவ்வளவு நாளும் என்னத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தனி என்று எல்லோர் முன்னாலும் ஏசினேன். பிழை விட்டவர் தன் கையாலேயே பலகையை அழிக்க வேண்டும் என்ற என் வகுப்புச் சட்டம் உனக்கு மறந்திராது. ஓம் ரீச்சர் என்று சொல்லிவிட்டு அழித்தாள்.

மாதிரிப் பரீட்சையில் அதே மாதிரிக் கணக்கு வந்தது. என் பிள்ளைகள் அத்தனை பேரும் பாதியாக்கியிருந்தார்கள், சாலகச் சக்தி எல்லோருக்கும் ஒரே அளவில் பிழை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மதுஷிகாவைத் தனியே கூப்பிட்டு, உனக்குச் சரியானது தெரியும்தானே, ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டேன். நீங்கள் சொன்னதை விட்டுட்டு நான் எப்பிடி ரீச்சர் வேற மாதிரி எழுதுறது என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை பிள்ளை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது.

உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. மதுஷிகா அப்படிச் சொன்ன பிறகும் வகுப்புகள் வைத்தேன், பிழையைப் பற்றி வாயே திறக்கவில்லை. சொன்னால் மற்றப் பாடங்களையும் நம்பமாட்டார்கள் என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் மானம் போய்விடும் என்ற பயம். நாளைக்கு என் பிழையான சக்கரத்தைப் பலகையில் எழுதி, எல்லோரும் பார்க்க என் கையாலேயே அழித்து, சரியானதை எழுதச் சோக்குக் கட்டியை மதுஷிகாவிடம் கொடுக்கப் போகிறேன்.

நீயும் அந்த வகுப்பு வாங்கில் இருந்து படித்தவள். பலகையை அழித்துவிட்டு உன் இடத்தில் போய் இருந்துவிடுவாயே, அது இப்போது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ஆண்டவர் உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காப்பாராக. நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. பதில் போடும்போது ஒன்றை மட்டும் மறக்காமல் எழுது, நீ அழித்தவற்றில் சரியானவையும் இருந்தனவா? அம்மாவின் மனம் நோகும் என்று நினைத்து, இல்லை என்று எழுதிவிடாதே.

உன் அம்மா,
லூசியா