டெம்மர்பேட்டைக் கல்

1996 ஜூன் 6, வியாழன்

டவுன்ஷிப் நூலகத்தில் என் மேஜையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். ஜனவரியில் ஸ்டாஃப் கிளப்பில் நான் நடத்தும் வினாடி வினாவுக்கு இப்போதிருந்தே கேள்வி சேர்க்கிறேன். உலகத்தையெல்லாம் துருவிவிட்டு, என் வீட்டுக்குள்ளேயே ஒரு கேள்வி இருப்பது இன்றுதான் உறைத்தது.

"ஊரில் எல்லாருக்கும் ஒரே குடும்பப் பெயர். ஊருக்கும் அதே பெயர். எந்த ஊர்?"

டெம்மர்பேட்டை. என் வீட்டுக்காரர் பெஞ்சமின் டெம்மரின் ஊர். சதுரங்கப்பட்டினம் தாண்டி, கடலோரச் சவுக்குத் தோப்பை ஒட்டி இருக்கிறது.

யார் அந்த டெம்மர் என்று ராத்திரி கேட்டேன். "எவனோ டச்சுக்காரன். அவன் கல்லு கீது ஊர்ல. அதுக்கு மேல இன்னா தெரியணும்?" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றச் சொன்னார். பிறந்ததிலிருந்து சுமக்கிற பெயர் யாருடையது என்று தெரியாமல் ஒரு மனுஷனுக்கு எப்படித்தான் சோறு இறங்குகிறதோ!

ஜூன் 9, ஞாயிறு

டெம்மர்பேட்டைக்குப் போய் வந்தோம். மாமியார் மேரி மீன் குழம்பு வைத்திருந்தார். வாசனைக்கு எனக்குக் குமட்டியது. அத்தை என் முகத்தைப் பார்த்தார், சிரித்தார். தெருவுக்கே தெரிந்துவிட்டது.

சாப்பிட்டபின் தோப்புக்குக் கூட்டிப்போனார். கருங்கல் ஒன்று பாதி மணலில் புதைந்து நிற்கிறது. அதில் 'டெம்மர்' என்று மட்டும் ஆங்கில எழுத்தில் வெட்டியிருக்கிறது. முன்னால் ஒரு பெயர் இல்லை, வருடம் இல்லை. சுற்றிலும் மண்மேடுகள். ஒன்றின் மேலும் கல்லும் இல்லை, சிலுவையும் இல்லை.

"மத்தவங்களுக்கெல்லாம் கல்லு வைக்கலையா அத்தை?"

"நல்லா கேட்ட போ. அந்தக் காலத்துல எங்காளுங்களுக்கு ஒரு சாண் நெலம் கெடையாது. கூலி வேலை. கல்லு வெக்க டப்பு ஏது? ஞானஸ்நானம் குடுக்கசொல்ல ஃபாதர் குடும்பப் பேரு கேட்டாராம். இந்தக் கல்லைக் காட்டி, இதுல கீற பேரையே போடுங்க சாமின்னுட்டாங்க. பேரு போட்ட கல்லு ரெடியா கீது, செத்தா எல்லாரும் இங்கயே படுத்துக்கலாம்ல?"

எனக்குக் கை தட்டத் தோன்றியது. எந்த துரையும் வைத்த பெயரில்லை. சாவுக்கு ஒரு கல் வேண்டுமென்று, இவர்களாகவே கல்லிலிருந்து எடுத்துக்கொண்ட பெயர்! எந்தப் புத்தகத்தில் இது கிடைக்கும்?

அப்போதுதான் அத்தை சொன்னார்: "நீயும் பேரை மாத்திக்க சங்கரி. டெம்மருங்களைத்தான் இங்க வெப்போம். நாளைக்கு உன்னை எங்க வெக்கிறது?"

சாப்பிட வந்தவளை எங்கே புதைப்பது என்று கேட்கிறார்! பெஞ்சமின் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் இந்த ஊரில் யாரும் 'செத்துட்டார்' என்று சொல்வதில்லையாம். 'கல்லாண்ட போயிட்டார்' என்பார்களாம். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அதுவே காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

ஜூலை 28

பெண்ணாக இருந்தால் சஹானா. யாரிடமும் சொல்லமாட்டேன். முன்கூட்டிப் பெயர் வைத்தால் கரூரில் அம்மா திட்டுவாள். கல்யாணத்திலிருந்து பேசாதவள், திட்டவாவது என்னிடம் பேசட்டுமே.

அக்டோபர் 20, ஞாயிறு

நாலு நாள் மழை. கடல் தோப்பின் ஓரத்தை அரித்துவிட்டதாம், கல் முன்னைவிட உயரமாகத் தெரிகிறதாம். கேட்டபின் என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. "வயித்துல புள்ளைய வெச்சிகினு தோப்புக்குப் போவாத" என்று அத்தை தடுத்தார். போனேன்.

பெயருக்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருக்கிறது! இத்தனை தலைமுறையாக மணலுக்குள் கிடந்திருக்கிறது. எழுத்து அதேதான், மொழி ஆங்கிலமில்லை. எழுத்து எழுத்தாகப் பார்த்துத் தாளில் எழுதிக்கொண்டேன்.

இன்னொன்று. காலையிலிருந்து உதைத்துக்கொண்டே இருந்த பிள்ளை, நான் கல்லுக்கு முன்னால் குனிந்ததும் அசைவை நிறுத்திவிட்டது. தோப்பை விட்டு வெளியே வரும்வரை அசையவே இல்லை. குனிந்ததால் இருக்கும். குனிந்ததால்தான்.

நவம்பர் 12, செவ்வாய்

செங்கல்பட்டில் செக்கப். அங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் வயதான சிஸ்டர் ஒருவர் இருக்கிறார், பெல்ஜியத்துக்காரர். அவர்கள் பேச்சும் டச்சும் ஒன்றுதான் என்று எங்கோ படித்தது ஞாபகம் வந்து, தாளை நீட்டினேன். படித்தார். என் வயிற்றைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"இது எதுக்கு உனக்கு?"

"வினாடி வினாவுக்கு சிஸ்டர்."

"டெம்மருடைய குழந்தை, பெயர் வைக்கும் முன்னாலே போய்விட்டது. இவ்வளவுதான் எழுதியிருக்கு" என்று தாளை மடித்து என் கையில் வைத்து, கையை மூடினார்.

துரை இல்லை. குழந்தை. முன்னால் ஒரு பெயர் ஏன் இல்லை என்று இப்போது தெரிகிறது. வைக்கவே இல்லை. ஊரே அதனிடமிருந்து பெயர் வாங்கியிருக்கிறது, அதற்கென்று ஒன்று கிடையாது. எத்தனை பேரைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் படுக்க வைத்திருக்கிறார்கள்! ஒருவருக்கும் அது ஒரு கைக்குழந்தை என்று தெரியாது.

அந்தக் கேள்வியை வினாடி வினாவிலிருந்து எடுத்துவிட்டேன்.

நவம்பர் 17

சண்டை. என் பிள்ளைக்கு டெம்மர் என்ற பெயர் வேண்டாம் என்றேன்.

"எங்க வூட்டுப் பேரு உனுக்கு அசிங்கமா கீதா?" பெஞ்சமின் இப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

அசிங்கம் இல்லை. பயம். இதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. நூலகத்தில் ராசிபலன் படிக்கிறவர்களைக் கிண்டல் செய்கிறவள் நான்.

டிசம்பர் 3

வலி. ஜனவரிக் கடைசியில் வரவேண்டியது இன்றே வந்துவிட்டது. கொட்டுகிற மழையில் பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் வேனில் செங்கல்பட்டு. பெண். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். என் உள்ளங்கை அளவுதான் முதுகு. கால்பட்டையில் 'பேபி ஆஃப் சங்கரி' என்று எழுதியிருக்கிறது.

அவளுக்கும் பேர் இல்ல. அய்யோ, அவளுக்கும் இன்னும் பேர் இல்ல.

டிசம்பர் 5

இரண்டு தடவை மூச்சு நின்று திரும்பியது. டாக்டர் எதுவும் சொல்லமாட்டேன் என்கிறார். "ஒரு பெயர் சொல், தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்துவிடுகிறேன்" என்றார் சிஸ்டர். சஹானா நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.

பெஞ்சமினை அருகில் கூப்பிட்டேன். கல்லில் எழுதியிருப்பதைச் சொன்னேன். "போய் அதுக்குத் தண்ணி ஊத்தி, உன் பேர் சஹானான்னு சொல்லிட்டு வா. நான் நம்ம பொண்ணுக்குன்னு வச்சிருந்த பேரு. அது எடுத்துக்கட்டும். பேரை எடுத்துக்கிட்டு இவளை விட்டுடட்டும்."

பைத்தியமா என்று கேட்பார் என்று நினைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

சாயங்காலம் தெப்பலாக நனைந்து வந்தார். "சொல்லிட்டேன். அங்க யாரும் இல்ல. யாருகிட்டயும் சொல்லிக்காத, வெக்கமா கீது." இதைச் சொல்லிவிட்டு அழுதார். எங்கள் மகளுக்கு ஜாய்ஸ் என்று பெயர் வைத்தோம். அவர்தான் சொன்னார்.

டிசம்பர் 7

அழுதாள்! வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி.

2001 நவம்பர் 2, வெள்ளி

இந்த நோட்டைத் தேடி எடுக்க இவ்வளவு நேரமாகிவிட்டது. இன்று எழுதாவிட்டால் முடியாது.

கல்லறைத் திருநாள். டெம்மர்பேட்டைக்குப் போய் வந்தோம். ஜாய்ஸுக்கு அடுத்த மாதம் ஐந்து முடிகிறது. இதுவரை அவளை ஒருநாளும் தோப்புக்குள் விட்டதில்லை. வெயில் அதிகம், பாம்பு இருக்கும் என்று ஒவ்வொரு வருடமும் ஏதாவது சொல்லி வீட்டில் வைத்துக்கொள்வேன். இன்று எல்லாரும் மெழுகுவர்த்தி ஏற்றுகிற மும்முரத்தில், எப்படியோ நழுவிப் போய்விட்டாள்.

கல்லுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பிஸ்கெட்டைச் சரிபாதியாக உடைத்து ஒன்றைத் தின்றுகொண்டிருந்தாள். இன்னொன்று கல்லின் மேல் இருந்தது.

"அங்கே வைக்கக் கூடாது, எறும்பு வரும்" என்று எடுக்கப் போனேன்.

"எடுக்காதம்மா. அது சஹானாவுக்கு."

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். பெஞ்சமின் பின்னால்தான் நின்றிருந்தார். "சத்தியமா நான் சொல்லல" என்றார், நான் திரும்புவதற்கு முன்னாலேயே. நானும் சொல்லவில்லை. அந்தப் பெயரைக் கொடுத்த நாளிலிருந்து எங்களுக்குள்கூட உச்சரித்ததில்லை.

ஜாய்ஸை வாரித் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிட வேறொன்று பெரிதாக இருந்தது. பெயர் வைத்துவிட்டு வந்த நாங்கள் ஒருதடவைகூட வந்து கூப்பிட்டதில்லை. ஐந்து வருடம் கழித்து அதற்குக் கிடைத்தது ஒரு பாதி பிஸ்கெட்.

தோப்பிலிருந்து திரும்பியதும் அத்தையிடம் சொன்னேன்: "அத்தை, நான் பேரை மாத்திக்கறேன். சங்கரி டெம்மர்னு."

அத்தை வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "அப்ப சொல்லசொல்ல மூஞ்சியத் தூக்கி வெச்சிகின. இப்ப இன்னா திடீர்னு?"

அங்கே ஒரு சின்னப் பெண் இருக்கிறாள், நான் போகிற காலத்தில் அவள் பக்கத்தில்தான் இருக்கவேண்டும் என்று எப்படிச் சொல்வேன்?

"சும்மாதான் அத்தை" என்றேன்.