விடிகாலை எச்சில்

கரோல் பாக், புது தில்லி
ஞாயிறு காலை

அன்பு மகள் ரோஹிணிக்கு,

அம்மாவின் ஆசிகள். பெங்களூரில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனை எடுத்தால் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார். லக்ஷ்மிபாய் நகர் பள்ளிக்கூடத்தில் நீ படித்த தமிழ் இதற்காவது உதவட்டும்.

முதலில் நம் சண்டை. வயதானவர்களின் கவலையும் மூளையும் என்ற உன் ஆராய்ச்சிக்காக, எழுந்தவுடன் ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயிலும் அரை மணி கழித்து இன்னொன்றிலும் எச்சில் துப்பித் தரச் சொன்னாய். கண் விழித்த அரை மணியில் எல்லோருக்கும் கவலையைக் காட்டும் அந்த ஹார்மோன் எச்சிலில் விறுவிறுவென்று ஏறுகிறதாம், என் கோடு மட்டும் படுத்தே கிடக்கிறதாம். நான் வாய் கொப்பளித்துவிட்டு, தண்ணீர் கலந்த எச்சிலைத் துப்பியிருக்கிறேன் என்று நேற்று போனில் கோபித்துக்கொண்டாய். என் குழாய்களை ஆராய்ச்சியிலிருந்தே தூக்கிவிடுவேன் என்றாய்.

உன் சந்தேகத்தில் தப்பில்லை. பல் தேய்க்காமல் அடுக்களைப் பக்கம் போகாதவள் நான். உனக்கு எச்சில் தரும் கீழ் வீட்டு வள்ளியம்மை தன் குழாயைப் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள் என்று கேட்டதற்கே, அவள் வீட்டில் காபி குடிப்பதை நிறுத்திவிட்டேன். ஆனாலும் உனக்காக என் ஆசாரத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்தேன். கொப்பளிக்கவில்லை. குழாய்களை டப்பாவில் போட்டு நம் ஃப்ரிட்ஜிலேயே தயிருக்குக் கீழே வைத்தேன். இங்கே உனக்காக வீடு வீடாகப் போகும் சுஷ்மா வந்து எடுத்துக்கொண்டு போகும்வரை அந்தத் தயிரை நான் தொடவில்லை என்பது வேறு விஷயம்.

எழுந்தவுடன் என்று சொன்னாயே, கோளாறு அங்கேதான். தூங்கினால்தானே எழுந்திருக்க.

அப்பாவுக்குக் கொஞ்சம் மறதி என்றுதான் உன்னிடம் சொல்லியிருக்கிறேன். ஹோலிக்குப் பிறகு அது முற்றிவிட்டது. ரிடையரானதை மறந்து, விடிவதற்கு முன்பே பேண்ட், சட்டை போட்டுக்கொண்டு, ஆபீஸுக்கு நேரமாயிடுத்து, ஜல்தி டிபனைக் கட்டு என்கிறார். ஒரு நாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் ஆளைக் காணோம். சரோஜினி நகரில், நம் பழைய குவார்ட்டர்ஸை இடித்துவிட்டுக் கட்டியிருக்கும் உயரமான கட்டடங்களுக்கு முன்னால் நின்று, காவலாளியிடம் என் வீடு எங்கே பையா என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். அந்தப் புண்ணியவான் அப்பாவின் சட்டைப் பையில் இருந்த என் நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டதால் பிழைத்தோம்.

அன்றிலிருந்து ராத்திரி முழுவதும் வாசல் கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கண்ணை மூடினால் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்கிறது. போய்ப் பார்த்தால் போட்டபடியே இருக்கிறது. இந்தப் பத்தியை எழுதுவதற்குள்ளேயே ஒரு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

உன் இன்டர்வியூ முடியட்டும் என்றுதான் சொல்லவில்லை. சொந்தமாக ஒரு லேப் கிடைக்க நீ படும் பாடு எனக்குத் தெரியாதா? எலிக்குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துவைத்து, அதுகளின் மூளையைப் பார்த்துப் பார்த்தே உன் இளவயது போயிற்று. பாவம் அதுகள் என்று நான் சொன்னபோது, கவலை மூளையை என்ன செய்கிறது என்று யாராவது கண்டுபிடிக்க வேண்டாமா அம்மா என்று கேட்டாய். நன்றாகத்தான் கண்டுபிடித்திருக்கிறாய். என் கவலை உன் கம்ப்யூட்டரில் கோடாகவே வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு, அம்மா கொப்பளித்துவிட்டாள் என்கிறாய். போனை வைத்த பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது, ரோஹிணி.

என் குழாய்களைத் தூக்கிப் போட்டுவிடாதே. அவை சரியானவை.

இதைப் படித்ததும் பதறிக்கொண்டு புறப்படாதே. இன்டர்வியூ முடிந்தபின் வந்தால் போதும், அதுவரை சமாளித்துக்கொள்வேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதினால் அது பொய். வர முடியுமென்றால், போனில் வடுமாங்காய் தீர்ந்துவிட்டதா என்று மட்டும் கேள். தீர்ந்துவிட்டது என்பேன். பக்கத்தில் நிற்கும் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது.

நீ நினைத்தபடி வேலை கிடைக்கட்டும். படுத்தவுடன் தூக்கம் வரும் பாக்கியம் உனக்கு ஆயுசுக்கும் இருக்கட்டும்.

உன் அம்மா,
ராஜம்